மாநகராட்சிச் சட்டப் பிரிவில் தட்டச்சர்: வந்ததை அடிப்பது மட்டும்தான் வேலையா?

புதுத்தட்டச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேர்வாணையத் தேர்வில் தேறி, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் (உயர்நிலை) முடித்திருந்ததால் தட்டச்சர் பணி கிடைத்து, ஒரு மாநகராட்சியில் சேர்ந்து இன்றோடு பத்தொன்பது நாள்கள் ஆகின்றன. வருவாய்ப் பிரிவு என்று சொல்லித்தான் அழைத்தார்கள். சேர்ந்த அன்று மாலையே சட்டப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். பிரிவு என்றால் ஒரு கண்காணிப்பாளர், ஓர் அலுவலக உதவியாளர், நான், அவ்வளவுதான். உதவியாளர் பணியிடம் சில மாதங்களாகக் காலியாக உள்ளது. மூன்று இரும்பு அலமாரிகள் நிறைய வழக்குக் கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் எது நடக்கும் வழக்கு, எது முடிந்த வழக்கு என்று கேட்டால், வக்கீலிடம்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள்.

நான் கேட்க வந்தது இரண்டு. சட்டப் பிரிவுத் தட்டச்சரின் வேலை எதுவரை என்பது ஒன்று. மற்றொன்று நேற்று நடந்தது. தெருவில் கொட்டகை போட்டிருக்கும் ஒருவர், அதை அகற்றக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடை, கேட்டு முன்சீப் கோர்ட்டில் மாநகராட்சி மீது வழக்குத் தொடுத்திருக்கிறார். அவருடைய வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் பதிலாகப் பொறியியல் பிரிவிலிருந்து வந்த பத்திவாரிக் குறிப்புரையை நான் சுத்தப் படியாக அடித்துக்கொண்டிருந்தேன். நான்காம் பத்திக்கு எதிரே, "வாதி மேற்படி இடத்தில் 32 ஆண்டுகளாகக் கொட்டகை அமைத்து அனுபவித்து வருவது உண்மையே, எனினும் அவ்விடம் மாநகராட்சித் தெரு ஆகும்" என்று இருந்தது. நாமே இப்படி எழுதிக் கொடுக்கலாமா என்று மனத்தில் நெருடியது. யாரிடமும் கேட்கத் துணிவில்லாமல் அடித்து முடித்துவிட்டேன். இன்னும் ஆணையரின் கையொப்பத்துக்குப் போகவில்லை.

பழையகோப்பு எழுதியது:

அம்மா, வழக்கு எண்ணையும் தெருவின் பெயரையும் எழுதாமல் விட்டீர்கள், நல்லது. இனியும் எழுதாதீர்கள். கோப்பில் உள்ளதை நான்கு பேர் படிக்கும் இடத்தில் இந்த அளவுக்குச் சொல்வதுகூட எனக்கு உடன்பாடில்லை. புதியவர் என்பதால் விட்டுவிடுகிறேன்.

நான் நகராட்சிப் பணியில் 34 ஆண்டுகள் இருந்தவன்; அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் சட்டப் பிரிவைப் பார்த்தவன். அழைப்பாணையோ வக்கீல் நோட்டீஸோ தபால் பிரிவுக்கு வந்ததும் அதன்மேல் நாள் முத்திரை விழ வேண்டும். பிறகு ந.க. எண், அதாவது கோப்பு எண், பெற்று, பிரிவுக்கு வரும் தாள்களைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் ஏறி, வழக்குரையின் நகலோடு தொடர்புடைய பிரிவுக்குக் குறிப்புரை கேட்டுப் போக வேண்டும். அது திரும்பி வந்ததும், ஆணையரின் கையொப்பத்தோடு, நமக்காக வாதாடும் நிலை வழக்கறிஞருக்கு அனுப்புகிறோம். அவர் வழக்குரைக்கு நம் பதிலான எதிருரையை வரைந்து அனுப்புவார். அதைக் கோப்போடு ஒத்துப் பார்த்து, ஆணையர் கையொப்பமிட்டபின் தாக்கல் ஆகும். இந்தச் சங்கிலியில் தட்டச்சரின் கடமை, வந்ததை வந்தபடி பிழையின்றி அடித்து, அடித்த படியை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒப்பிட்டதற்கு அடையாளமாகத் தம் சுருக்கொப்பத்தை இடுவது. ஒரு சொல்லை மாற்றினாலும், நாளைக்குச் சாட்சிக் கூண்டில் பதில் சொல்லப் போகிறவர் உதவிப் பொறியாளர்தான், நீங்கள் அல்ல. நெருடுவதையெல்லாம் தட்டச்சர் திருத்தலாம் என்று ஆரம்பித்தால், கோப்பில் யார் எழுதியது எது என்றே தெரியாமல் போய்விடும்.

எதிர்த்தரப்பு எழுதியது:

நான் மாநகராட்சிக்கு எதிராக ஆஜராகும் வக்கீல். ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள், ஏனென்றால் இதில் எனக்கு நட்டம்தான்.

உங்கள் நெருடல் சரியானது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 8ஆம் கட்டளை, 5ஆம் விதியின்படி, வழக்குரையில் சொன்ன ஒன்றை எதிருரையில் குறிப்பாக மறுக்காவிட்டாலே அதை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளலாம். உங்கள் குறிப்புரையோ மறுக்காததோடு நிற்காமல், "உண்மையே" என்று வாயால் ஒப்புக்கொள்கிறது. அதிலும் அந்த எண்ணைப் பாருங்கள். பொதுத் தெருவையோ அதன் ஒரு பகுதியையோ ஒருவரிடமிருந்து மீட்க உள்ளாட்சி அமைப்பு வழக்குத் தொடுக்க வேண்டுமானால், 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டம் அட்டவணையின் 111ஆம் இனத்தில் அதற்கு 30 ஆண்டுகள் தருகிறது. சாதாரண நிலத்துக்கு 65ஆம் இனத்தின்படி 12 ஆண்டுகள்தான். தெருவுக்கு இந்தப் பெரிய சலுகையைச் சட்டம் கொடுத்திருக்கும்போது, உங்கள் அலுவலகமே 32 என்று எழுதி அந்தச் சலுகையைத் தாண்டிக் குதிக்கிறது.

முன்பெல்லாம் எதிரிடை அனுபவத்தை, அதாவது அடுத்தவர் நிலத்தை நீண்ட காலம் அனுபவித்ததால் வரும் உரிமையை, கேடயமாகத்தான் பயன்படுத்தலாம், அதை வைத்து வழக்குப் போட முடியாது என்ற வாதம் இருந்தது. 2019இல் ரவீந்தர் கௌர் கிரேவால் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாதியாகவும் அதைக் கோரலாம் என்று தீர்த்துவிட்டது. பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட நிலங்களில் இவ்வுரிமை உண்டாகாது என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆகவே கொட்டகைக்காரர் வென்றுவிட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் அவருடைய வக்கீலாக இருந்தால், உங்கள் எதிருரையின் அந்த ஒரு வரியை அடிக்கோடிட்டு, வேறு ஆவணம் எதுவும் காட்டாமலே வாதத்தைத் தொடங்குவேன். பல வழக்குகளில் அப்படித் தொடங்கியும் இருக்கிறேன்.

சாலைப்பணி எழுதியது:

பொறியியல் பிரிவின் மீது எளிதாகப் பழி போட்டுவிடுகிறீர்கள். நான் உதவிப் பொறியாளர். இத்தகைய குறிப்புரைகளை மாதத்துக்கு ஏழெட்டு எழுதுகிறவன். எங்களுக்கு வரும் வழக்குரை நகலில் பாதிப் பக்கங்கள் ஜெராக்ஸில் தெரியாது. ஆவணப் பட்டியலில் உள்ள ஆவணங்கள் இணைக்கப்பட்டிருக்காது. முகப்புக் கடிதத்தில் "இன்று மாலைக்குள்" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். காலையில் குடிநீர்க் குழாய் உடைப்பு, பிற்பகலில் ஆய்வுக் கூட்டம், இவற்றுக்கு நடுவில் ஏழு மணிக்கு உட்கார்ந்து எழுதுவதுதான் நீங்கள் பார்க்கும் குறிப்புரை.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த மனிதர் உண்மையிலேயே 32 ஆண்டுகளாக அங்கே இருந்தால் என்ன செய்வது? பொய் எழுத வேண்டும் என்கிறீர்களா?

எதிர்த்தரப்பு எழுதியது:

பொய் எழுதச் சொல்லவில்லை, சார். 32 என்ற எண் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன். நான் பார்த்த குறிப்புரைகளில் பெரும்பாலும் அது வழக்குரையின் நான்காம் பத்தியிலிருந்தே வந்திருக்கும். வாதி சொன்னதை அப்படியே திருப்பி எழுதி, முன்னால் "உண்மையே" என்று சேர்த்திருப்பார்கள். இடத்தில் இப்போது கொட்டகை இருக்கிறது என்பது நீங்கள் கண்ணால் கண்டது. அது எந்த ஆண்டு வந்தது என்பது பதிவேடு சொல்ல வேண்டியது. பதிவேடு 32 என்றே சொன்னால் அதை மறைக்க யாருக்கும் உரிமை இல்லை. அப்போது நிலை வழக்கறிஞருக்கு வேறு வழி தேட வேண்டிய வேலை இருக்கிறது. ஆனால் பதிவேட்டைத் திறக்காமலே ஒப்புக்கொள்வதை உண்மை பேசுவதாக எடுத்துக்கொள்ள முடியாது.

சாலைப்பணி எழுதியது:

இது நியாயமான கேள்விதான். நானாக இருந்தால் இரண்டு இடங்களைப் பார்ப்பேன். அந்தத் தெருவுக்குக் கடைசியாகச் சாலை போட்டபோது எழுதிய அளவுப் புத்தகத்தில், அதாவது எம்.புக்கில், ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் சாலையின் அகலம் பதிவாகியிருக்கும். கொட்டகை அன்றைக்கு இருந்திருந்தால் அந்த இடத்தில் அகலம் குறைந்திருக்க வேண்டும். அடுத்தது, டவுன் சர்வே வரைபடம். அளவுப் புத்தகங்கள் தணிக்கைக்குப் போய் எங்கேயாவது கிடக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

நான்கெல்லை எழுதியது:

தங்கையே, வணக்கம். நானும் தட்டச்சராகச் சேர்ந்து, இப்போது சட்டப் பிரிவில் உதவியாளராக இருப்பவள். பெரியவர் சொன்னபடி மூலத்தைத் திருத்தாதீர்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். நான் செய்வது இதுதான்: ஒரு துண்டுத் தாளில் "பத்தி 4இல் காலம் பற்றிய கூற்றுக்குப் பதிவேட்டு ஆதாரம் குறிப்பிடப்படவில்லை; கையொப்பத்துக்கு முன் பார்வைக்கு" என்று எழுதி, கோப்பின் மேல் வைத்துக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிடுவேன். அவர் திருப்பி அனுப்பினால் எழுதிய பிரிவே திருத்தும். அனுப்பாவிட்டால் அது அவருடைய முடிவு. இதுவரை ஒருவரும் என்னைக் கடிந்துகொண்டதில்லை. ஒருவர் மட்டும் "உனக்கு எதற்கு இந்த வேலை" என்றார், பிறகு அவரே மற்றக் கோப்புகளையும் பார்க்கக் கொடுத்தார்.

அதைவிட உங்கள் கையாலேயே நேரக்கூடிய தவறு ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன். மாவட்ட நீதிமன்றம் வரை தமிழில் நடக்கிறது. உயர் நீதிமன்றத்துக்குப் போனால், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலம். ஆகவே ரிட் மனு வந்தால், தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து டைப்டு செட்டில், அதாவது தட்டச்சு செய்த ஆவணத் தொகுப்பில், சேர்க்க வேண்டும். ஆள் இல்லாத அலுவலகத்தில் அது தட்டச்சர் தலையில்தான் விழும். நம் ஊர்ப் பத்திரத்தில் நான்கெல்லை எப்படி எழுதியிருக்கும் என்று பாருங்கள்: "வாய்க்காலுக்கு வடக்கு, நகராட்சிச் சாலைக்குத் தெற்கு, கோயில் மதிலுக்குக் கிழக்கு, பள்ளிக்கூட மனைக்கு மேற்கு." வாய்க்காலுக்கு வடக்கே சொத்து இருக்கிறது என்பது இதன் பொருள், அதாவது சொத்தின் தெற்கு எல்லைதான் வாய்க்கால். அவசரத்தில் பெயர்க்கிறவர்கள், ஆங்கிலப் பத்திர வழக்கப்படி நான்கு திசைகளை வரிசையாகப் போட்டு, வடக்கு என்ற இடத்துக்கு நேரே வாய்க்கால் என்று எழுதிவிடுவார்கள். அவ்வளவுதான், சொத்து அப்படியே குப்புற விழுந்துவிடும். சாலைக்குத் தெற்கே இருந்த மனை, ஆங்கிலப் படியில் சாலைக்கு வடக்கே போய், வேறொருவருடைய வீட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பூங்கா இடத்து வழக்கில் நானே இதைச் செய்தேன். இரண்டு வாய்தாக்கள் எவரும் கவனிக்கவில்லை. மூன்றாவது வாய்தாவில் நீதிபதி வரைபடத்தையும் அட்டவணையையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வெளிப்பட்டது. திருத்த மனு போட்டுச் சரி செய்தோம். அன்றிலிருந்து எந்த நான்கெல்லையையும் ஒரு தாளில் கட்டம் போட்டு வரைந்து பார்த்தபிறகே அடிக்கிறேன்.

சர்வே எண்ணோடு வரும் உட்பிரிவு எண்ணும் அப்படித்தான். ஆங்கிலத்தின் முதல் எழுத்தைச் சிலர் "அ" என்று பெயர்ப்பார்கள், சிலர் "ஏ" என்று ஒலியை எழுதுவார்கள். ஒரே கோப்பில் 112/2அ, 112/2ஏ இரண்டும் இருந்தால், அவை ஒரே நிலமா, இரண்டு நிலங்களா என்று பதிவேட்டைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

புதுத்தட்டச்சர் எழுதியது:

நன்றி அக்கா. நேற்று நான் அடித்த ஒரு டைப்டு செட்டில் நான்கெல்லை இருந்தது. இப்போதே போய்ப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. ஐயா சொன்னதும் புரிந்தது. நான் எதையும் மாற்றவில்லை. காலையில் துண்டுக் குறிப்பு வைக்கப் போகிறேன்.

வேறு ஓர் ஐயம். நடக்கும் வழக்கு எது என்று நானே கண்டுபிடிக்க முடியுமா? பதிவேட்டில் கடைசியாக எழுதிய வாய்தா நாள் ஓராண்டுக்கும் முந்தையது.

குமாஸ்தா எழுதியது:

முடியும், தங்கையே. நான் வக்கீல் குமாஸ்தா. கோர்ட் வராந்தாவில் 22 ஆண்டுகள் நின்றவன். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் உண்டு. நீதிமன்றங்களின் ஈகோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ அதைத் தட்டினால் அடுத்த வாய்தா, கடைசி வாய்தாவில் நடந்தது, தீர்ப்பாகியிருந்தால் தீர்ப்பு நாள், எல்லாம் வந்துவிடும். பழைய வழக்குக்கு எண் தெரியாவிட்டால், வழக்கு எண்ணும் ஆண்டும் கொடுத்துத் தேடலாம். ஒரு நாளைக்குப் பத்துக் கட்டு என்று வைத்துக்கொண்டால் அலமாரி மூன்றையும் ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். தேடும்போது "ஒருதலைப்பட்சத் தீர்ப்பு", அதாவது நம் தரப்பு ஆஜராகாததால் வந்த தீர்ப்பு, என்று எங்காவது கண்ணில் பட்டால் அன்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்காணிப்பாளரிடம் போங்கள். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்கள்தான். அழைப்பாணை முறையாகச் சார்வாகாதிருந்தால் (நம்மிடம் சேர்க்கப்படாதிருந்தால்) மட்டும், தெரிய வந்த நாளிலிருந்து எண்ணலாம்.

தீர்ப்பின் சான்று நகல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அலுவலகங்கள் வழுக்கி விழுவது அங்கேதான். முன்சீப் கோர்ட் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்கள். நகல் பெறுவதற்கு ஆன காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். இதைக் கேட்டுவிட்டு, நகல் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள்கள் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நகலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: மனுச் செய்த நாள், முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள் என்று வரிசையாக இருக்கும். கணக்கு "தயாரான நாள்" வரைக்கும்தான். அது தயாராகி மூன்று வாரம் நகல் பிரிவில் கிடந்து, பிறகு நாம் சாவகாசமாக வாங்கி வந்தால், அந்த மூன்று வாரம் நம்முடைய கணக்கில் ஏறிவிடும்.

பழையகோப்பு எழுதியது:

குமாஸ்தா தம்பி சொன்னது முழுக்க உண்மை. தாமத மன்னிப்பு மனு போட்டால் நீதிமன்றம் இரங்கும் என்று எங்கள் காலத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது. 2012இல் அஞ்சல் துறை 427 நாள் தாமதத்தோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போன லிவிங் மீடியா வழக்கில், கோப்பு மேசைக்கு மேசை போனது என்ற காரணத்தை ஏற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அந்தத் தீர்ப்பு இப்போது எதிர்த்தரப்பு வக்கீல்கள் எல்லோருடைய பையிலும் இருக்கிறது.

எதிர்த்தரப்பு எழுதியது:

என் பையிலும் இருக்கிறது, ஐயா. எதிருரைக்கும் இதே கதைதான். அழைப்பாணை சார்வான நாளிலிருந்து 30 நாள்கள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 வரை. அந்த 90 கண்டிப்பான எல்லை அல்ல என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொன்ன வழக்குகளில் ஒன்று நம் சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்தது. இந்த இளக்கத்தை நம்பி அரசு அலுவலகங்கள் தூங்குகின்றன என்பது என் குறை.

எங்களைக் கேட்காமல் ஆணை போடாதீர்கள் என்று கோர்ட்டில் முன்னரே கொடுக்கும் கேவியட்டையும் தட்டச்சர் கவனிக்க வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றும் நோட்டீஸ் கொடுத்தால், மறுநாளே அவர் கோர்ட்டுக்குப் போவார் என்பது ஊருக்கே தெரியும். முன்கூட்டியே அதே விசாரணை முறைச் சட்டத்தின் 148-ஏ பிரிவில் கேவியட் தாக்கல் செய்திருந்தால், உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கிடைக்காது. கேவியட்டின் ஆயுள் 90 நாள்கள். 91ஆம் நாள் மனுத் தாக்கல் செய்த கட்சிக்காரர்கள் எனக்கு உண்டு. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். கேவியட் நகலை எங்களுக்கு அனுப்புவதே நீங்கள்தானே, நாங்களும் நாள்காட்டி வைத்திருக்கிறோம்.

வழியில்வந்தவர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சட்டப் பிரிவு என்றால் வறண்ட இடம், யாரும் விரும்பி வர மாட்டார்கள், ஆறு மாதத்தில் சிபாரிசு பிடித்து வருவாய்ப் பிரிவுக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம் என்று என் அண்ணன் சொல்வார். அவர் பதினைந்து ஆண்டுகள் உள்ளாட்சிப் பணியில் இருக்கிறார்.

நான்கெல்லை எழுதியது:

உங்கள் அண்ணன் எதை வறட்சி என்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

தங்கையே, அவமதிப்பு வழக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். உயர் நீதிமன்றத்திலிருந்து வரும் ரிட் ஆணைகளில் நிறைய ஒரே வார்ப்பில் இருக்கும்: மனுதாரரின் விண்ணப்பத்தைத் தகுதியின் அடிப்படையிலும் சட்டப்படியும் பரிசீலித்து, இவ்வாணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து இத்தனை வாரத்துக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும். இதைப் படித்ததும் பிரிவுகளில் இரண்டு விதமான தவறு நடக்கும். கேட்டதைக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவிட்டுவிட்டது என்று பயந்து கொடுத்துவிடுவார்கள். அல்லது கொடுக்க முடியாது என்பதால் கோப்பை அப்படியே போட்டுவிடுவார்கள். கோர்ட் கேட்டது பரிசீலனை மட்டும்தான். காரணம் காட்டி மறுத்தாலும், காலத்துக்குள் மறுத்தால் ஆணை நிறைவேறிவிட்டது. மறுக்கவும் செய்யாமல் இருந்தால், ஆணையரைப் பெயர் சொல்லி அவமதிப்பு மனு வரும். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்த 2,000 ரூபாய்க்காக யாரும் நடுங்குவதில்லை, நேரில் ஆஜராக வேண்டும் என்பதற்குத்தான் நடுங்குவார்கள்.

"நகல் கிடைத்த நாள்" என்பதைத் தீர்மானிப்பது உங்கள் தபால் முத்திரை. மனுதாரர் நகலை நேரில் கொண்டுவந்து கொடுத்திருப்பார். பத்து நாள் கழித்து வக்கீலிடமிருந்து இன்னொரு நகல் வரும். முதலில் வந்ததிலிருந்துதான் எண்ண வேண்டும். தபாலில் வந்தால் உறையையும் தூக்கிப் போடாமல் கோப்பில் தையுங்கள்.

குமாஸ்தா எழுதியது:

இரண்டு சிறிய செய்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வானவில் எழுத்துருவில் அடித்த கோப்பை மின்னஞ்சலில் வக்கீல் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள். எங்கள் கணினியில் அது கொக்கி கொக்கியாக வரும், நாங்கள் மறுபடி முதலிலிருந்து அடிப்போம், அடிக்கும்போது புதிய பிழை நுழையும். எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல் தெரியும் ஒருங்குறியை (யூனிகோடை) தமிழக அரசு 2010லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் பழைய கணினிகளுக்கு அது இன்னும் எட்டவில்லை. அடுத்தது, ஆட்சி மாறும்போது நிலை வழக்கறிஞர்களும் மாறுவார்கள். பழையவரிடமிருந்து கட்டுகளை எண்ணி, பட்டியல் போட்டு, கையொப்பம் வாங்கிப் பெறுங்கள். பட்டியல் இல்லாவிட்டால், கட்டு அவரிடம் என்று இவரும், இவரிடம் என்று அவரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வழக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும்.

பழையகோப்பு எழுதியது:

என் அனுபவத்தில் கட்டு காணாமல் போவது பெரும்பாலும் ஊர்கள் இணையும்போதுதான். ஊராட்சி நகராட்சியோடு சேரும், நகராட்சி மாநகராட்சியாகும். 2021இல் கும்பகோணமும் கரூரும் சிவகாசியும், 2024இல் காரைக்குடியும் புதுக்கோட்டையும் நாமக்கல்லும் ஆனதுபோல. வழக்கில் எதிர்வாதி இன்னும் பழைய ஊராட்சித் தலைவராகவே இருப்பார். அழைப்பாணை பூட்டிய கட்டடத்துக்குப் போகும். சட்டமும் மாறியிருக்கிறது. 2023 ஏப்ரல் 13 முதல் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால் இன்னும் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் பிரிவைப் போட்டு நோட்டீஸ் அடிக்கிறார்கள், ஏனென்றால் பழைய நோட்டீஸைக் கணினியில் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். அம்மா, அந்த மாதிரிப் படிவம் உங்கள் கணினியிலும் இருக்கும். அதைத் திருத்தும்படி குறிப்பு வைப்பதற்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

புதுத்தட்டச்சர் எழுதியது:

பதினொரு நாள்கள் கழித்து எழுதுகிறேன். துண்டுக் குறிப்பு வைத்தேன். கண்காணிப்பாளர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. மறுநாள் கோப்பு, "பத்தி 4: காலத்துக்கான ஆதாரத்துடன் மீள அனுப்புக" என்ற குறிப்போடு பொறியியல் பிரிவுக்குப் போய்விட்டது. அங்கே உதவிப் பொறியாளரிடம், இந்த இழையில் சொன்னதுபோல, அளவுப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். தணிக்கைப் பிரிவு அறையில் ஒரு மூட்டையில் இருந்தது. அந்தத் தெருவுக்கு 2011இல் தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். கொட்டகை இருக்கும் இடத்தில், மின்கம்பத்திலிருந்து எதிர் மதில் வரை அகலம் 6.10 மீட்டர் என்று பென்சிலில் எழுதி மையால் சுற்றியிருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள அளவுகளும் அதேதான். இப்போது நேரில் அளந்தால் அந்த இடத்தில் 3.80 மீட்டர்தான் இருக்கிறது.

புதிய குறிப்புரையில் அவரே, "வாதி கூறும் காலம் மறுக்கப்படுகிறது, 2011இல் சாலை முழு அகலத்தில் அமைக்கப்பட்டதற்கு அளவுப் புத்தகம் ஆதாரம்" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். நான் வந்ததை வந்தபடி அடித்தேன், ஐயா. ஒப்பிட்டுச் சுருக்கொப்பமும் இட்டேன்.

அந்த டைப்டு செட்டையும் பார்த்தேன், அக்கா. திசைகள் சரியாக இருந்தன. கட்டம் போட்டுப் பார்க்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

எதிர்த்தரப்பு எழுதியது:

2.30 மீட்டர் குறைகிறது. கொட்டகைக்காரரின் வக்கீலாக நான் இல்லாததில் மகிழ்ச்சி. அளவுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துவிட்டு மூலத்தைத் திரும்ப மூட்டைக்கே அனுப்பிவிடாதீர்கள்; விசாரணையில் மூலத்தைத்தான் கேட்பார்கள்.

சாலைப்பணி எழுதியது:

மூலத்தைக் கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். தணிக்கையில் எங்களைக் கேட்பார்கள்.

புதுத்தட்டச்சர் எழுதியது:

ஒப்புகை கொடுத்துவிட்டேன், சார். ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். "உண்மையே" என்று எழுதிய பழைய குறிப்புரை, உதவிப் பொறியாளரின் கையொப்பத்தோடு கோப்பில் அப்படியே இருக்கிறது. அதை எடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?

பழையகோப்பு எழுதியது:

எடுக்கக் கூடாது. எடுக்கச் சொன்னவர் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், பேச்சு அத்தோடு நின்றுவிடும். பழையதும் கோப்பில் இருக்க வேண்டும், அதைத் திருப்பி அனுப்பிய குறிப்பும் இருக்க வேண்டும், புதியதும் இருக்க வேண்டும். பக்க எண் போட்டுவிட்டீர்களா?

புதுத்தட்டச்சர் எழுதியது:

போட்டுவிட்டேன், ஐயா. பழையது பக்கம் 47, திருப்பி அனுப்பிய குறிப்பு 49, புதியது 51.